ஐந்நூறு அடிப்பதா, நூறு போதுமா, கிண்டிலில் ஏற்றுவதா?

என் வீட்டுச் சாமான் அறையில், அரிசிப் பைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவே, என்னுடைய சிறுகதைத் தொகுப்பு 187 பிரதிகள் இருக்கின்றன. மொத்தம் அடித்தது 500. வெளியிட்டு இரண்டு வருடம் ஆகிறது. மேலே இருக்கும் பெட்டியில் துணி விரித்து மனைவி ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டாள். யாராவது புத்தகம் கேட்டால் முதலில் ஊறுகாயை நகர்த்த வேண்டும். இந்தத் தகுதி ஒன்றை நம்பித்தான் போன மாதம் நான்கு பேர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை, ஞாயிறு காலை. மேசையில் நான்கு கைப்பிரதிகள். செந்தூல் அக்கா தான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார், 160 பக்கம். என் அண்ணன் மகள் எழுதியது துப்பறியும் நாவல். ரவாங்கில் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் வண்ணப் படங்களோடு ஒரு சிறுவர் கதை இருந்தது. நான்காவது ஆள் கவிஞர், வயது 24, 64 பக்கம். நான்கு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: சொந்தமாகப் போடுவது என்று ஆகிவிட்டது, இங்கே அடிப்பதா, சென்னையில் அடிப்பதா, அமேசான் கிண்டிலில் மின்னூலாக ஏற்றிவிடுவதா?

ஒரே பதிலைச் சொல்லி அனுப்பியிருந்தால் நான்கு வீட்டிலும் ஊறுகாய் ஜாடிக்கு இடம் கிடைத்திருக்கும்.

முதலில் இங்கே அடிப்பதைப் பார்ப்போம். கோலாலம்பூரில் ஆப்செட் அச்சகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆப்செட்டின் கணக்கைப் புரிந்துகொள்ளப் ‘பாரம்’ என்ற சொல் தெரிந்தால் போதும். ஒரு பெரிய தாளின் இரண்டு பக்கத்திலும் சேர்த்து 16 பக்கம் அடித்து மடித்தால் அது ஒரு பாரம். அக்காவின் 160 பக்கம் சரியாகப் பத்துப் பாரம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனித் தகடு, ஆக 20 தகடு. இந்தத் தகட்டுச் செலவும் இயந்திரத்தைத் தயார் செய்யும் கூலியும் நீங்கள் நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அதேதான். அதனால்தான் அச்சகக்காரர் “ஆயிரம் போடுங்க, ஒண்ணு ரொம்ப மலிவா வரும்” என்று ஆசை காட்டுகிறார். அவர் சொல்வது பொய் இல்லை. மலிவாக வந்த ஆயிரத்தை வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். 160 பக்கத்தில் முடிய வேண்டியது 163 ஆகிவிட்டால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு துண்டுப் பாரம் ஓட்ட வேண்டியிருக்கும். நன்றியுரையில் நாலு பேரைக் குறைத்தால் பணம் மிச்சம். நான் குறைக்கவில்லை. அந்த நாலு பேரில் இருவர் வெளியீட்டுக்கே வரவில்லை.

டிஜிட்டல் அச்சில் தகடே கிடையாது. கோப்பிலிருந்து நேராகத் தாளுக்கு வருவதால் பத்துப் பிரதிக்கும் நூறு பிரதிக்கும் ஒன்றின் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எங்களுக்குச் சொல்லப்பட்ட விலையை வைத்துச் சொல்கிறேன், நாளைக்கே மாறலாம்: அக்காவின் புத்தகம் டிஜிட்டலில் நூறு அடித்தால் ஒன்று 13 வெள்ளி (ரிங்கிட்). ஆப்செட்டில் 500 அடித்தால் ஒன்று 7 வெள்ளி 80 காசு. ஒன்றின் விலையைப் பார்த்தால் ஆப்செட் ஜெயிக்கிறது. கையிலிருந்து போகும் மொத்தத்தைப் பார்த்தால் 1,300 வெள்ளிக்கும் 3,900 வெள்ளிக்கும் உள்ள தூரம். புதிதாக எழுதுகிறவர்கள் முதல் கணக்கைப் போட்டுவிட்டு இரண்டாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள். நான் மறந்தேன்.

எங்கே அடித்தாலும் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு, அது எழுத்துரு. என் புத்தகத்தின் மாதிரிப் படி வந்தபோது முதல் கதை சரியாக இருந்தது, ஏழாவது கதையில் கொம்பெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. ‘பெண்’ என்ற சொல்லில் ப முதலில் வந்து, கொம்பு அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. ‘கொடு’ என்பதில் காலும் கொம்பும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கென்று ஒரு தனி அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காமல் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழை ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அச்சகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை, அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆறு கதை வரை பார்த்துவிட்டு, மிச்சமும் இப்படித்தானே இருக்கும் என்று கையெழுத்துப் போட நினைத்தேன். மகன்தான் பக்கத்தைப் புரட்டி, “அப்பா, இது என்ன மொழி?” என்று கேட்டான். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாட்டில், 1985 முதல் கணினியில் தமிழ் புழங்கும் நாட்டில், என் கதை இந்தக் கோலத்தில் வெளிவர இருந்தது. ஆகவே மாதிரிப் படியைக் கடைசிப் பக்கம் வரைக்கும், முடிந்தால் வாய்விட்டு, படியுங்கள்.

இங்கே அடிப்பதில் இன்னொரு சௌகரியம், ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணைத் துன் ரசாக் சாலையில் இருக்கும் தேசிய நூலகமே தருகிறது. அதற்குக் காசு வாங்குவதில்லை, எழுத்தாளரே பதிப்பாளராகப் பதிந்துகொள்ளலாம். பதிலுக்கு, 1986 ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது 1984 ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தமாகப் போடுகிறவர் வீட்டு முகவரியைக் கொடுக்கத் தயங்கினால், அதையும் கோப்பு அனுப்பும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

அப்புறம், இந்த நாட்டில் புத்தகம் விற்கிற இடம் கடை இல்லை, மேடை. மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ்ப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஆனால் உள்ளூர் எழுத்தாளரின் 500 பிரதி நகர்வது நூல் வெளியீட்டு விழாவில்தான். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, அதற்குப் பிறகு முதல் நூல் பெறுதல். தலைமை தாங்கும் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒரு தொகையைக் கொடுத்து முதல் பிரதியை வாங்குவார். பின்னால் வரிசையாக ஒவ்வொருவராக மேடை ஏறி, எழுத்தாளர் கையால் புத்தகம் வாங்கி, படம் எடுத்து, கையில் ஓர் உறையைத் திணித்துவிட்டு இறங்குவார்கள். புத்தகத்தின் விலை 25 வெள்ளி, உறையில் 50 இருக்கும், சிலதில் 100 இருக்கும். கல்யாணத்து மொய் மாதிரிதான். என் நண்பர் ஒருவர் இதைக் கிண்டல் செய்வார், புத்தகம் படிக்கிறவனிடம் விற்காமல் சொந்தக்காரனிடம் விற்கிறோம் என்று. எனக்கு அதில் வெட்கம் இல்லை. அந்த உறைகள் இல்லையென்றால் இந்த நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களில் பாதி வந்திருக்காது.

ஆனால் விழாவுக்கும் செலவு இருக்கிறது. மண்டபம், பேனர், அழைப்பிதழ், பொன்னாடை, மீ ஹூன், வடை, தேநீர். விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் மாதிரி இடத்தில் நடத்த எல்லாருக்கும் ஆசைதான். கூட்டம் பாதி வந்தால் காலி நாற்காலிதான் படத்தில் விழும். நான் சின்ன மண்டபம் எடுத்தேன், 140 பேர் வந்தார்கள், அன்றைக்கே 118 போனது. பிரமுகர் ஒருவர் ஒலிபெருக்கியில் ஆயிரம் வெள்ளி அறிவித்தார், கைதட்டல் எழுந்தது. அந்த ஆயிரம் இன்னும் வழியில் இருக்கிறது. அறிவிப்பை வரவில் எழுதாதீர்கள், உறையை மட்டும் எழுதுங்கள்.

இந்த வழி யாருக்கு? மேடை ஏற ஆள் இருக்கிறவர்களுக்கு. செந்தூல் அக்காவைக் கேட்டேன், “அக்கா, உங்க புத்தகத்தை யார் வாங்குவாங்க?” அவர் போனை எடுத்து ஒரு வாட்சாப் குழுவைக் காட்டினார். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு, அந்த லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் கிள்ளான், பூச்சோங், ரவாங், ஜொகூர் என்று சிதறிப்போனார்கள். குழுவில் 260 பேர். புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்தத் தோட்டத்துப் பெயர்கள்: யார் எந்த வரிசையில் இருந்தார்கள், யார் பால் நிறுக்கும் இடத்தில் சண்டை போட்டார்கள், கோயில் திருவிழாவில் யார் வீட்டு முறை எந்த நாள். அவர்களில் யாருக்காவது தன் அப்பா பெயர் அச்சில் வந்திருப்பது தெரிந்தால் ஒன்று வாங்குவாரா, நாலு வாங்குவாரா? அக்காவின் மகன்தான் “கிண்டில்ல போடுங்கம்மா, செலவே இல்ல” என்று சொல்லியிருக்கிறான். அந்த 260 பேரில் கிண்டில் வைத்திருப்பவர் எத்தனை என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். “தம்பி, பாதிப் பேருக்கு நான்தான் போட்டோ எப்படித் திறக்கிறதுன்னு சொல்லிக் கொடுத்தேன்.”

அக்காவுக்கு ஆப்செட், 500, விழாவோடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் மகள் கதை வேறு. அவள் நாவலை முதலில் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் வாரம் ஒரு அத்தியாயமாக எழுதினாள். படித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பவர்கள், மதுரை, ஈரோடு, திருநெல்வேலி. கோலாலம்பூரில் அவளுக்கு விழா வைத்தால் என் சொந்தக்காரர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு மூன்றாவது கொலைக்குள் தூக்கம் வந்துவிடும். அவளுக்குக் கிண்டில்தான் இயல்பான வழி. 2016 ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து தமிழ் மின்னூல்களைக் கிண்டில் ஏற்றுக்கொள்கிறது, கோப்பை ஏற்றக் கட்டணம் கிடையாது.

ஆனால் ‘செலவே இல்லை’ என்பதற்கும் ‘கணக்கே இல்லை’ என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிண்டிலில் எழுத்தாளருக்கு 70 விழுக்காடு, 35 விழுக்காடு என்று இரண்டு பங்கு. எழுபது என்பது எல்லா விற்பனைக்கும் இல்லை. விலை 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும், வாங்குகிறவர் அமேசான் பட்டியலிட்ட நாடுகளில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. அதாவது 2.99 டாலர் விலை வைத்த நாவலை டொரோண்டோவில் ஒருவர் வாங்கினால் அவளுக்குச் சுமார் 2 டாலர், கிள்ளானில் இருக்கும் அவள் தோழி வாங்கினால் 1 டாலரும் சொச்சமும். இந்திய விற்பனையில் எழுபது வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. ஆக, பிரதிலிபியில் இருக்கும் அத்தியாயங்களை அவள் எடுத்துவிட வேண்டும். நாவலுக்கு அடியில் வாசகர்கள் எழுதிய கருத்துகளும் சேர்ந்து போகும். அங்கேதான் அவள் இரண்டு நாள் யோசித்தாள். “மாமா” என்று கூப்பிட்டுப் பழகியவள் அன்றைக்குச் “சித்தப்பா” என்று முறையாகக் கூப்பிட்டாள். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கடைசியில் எல்லாக் கருத்துகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்துவிட்டு, அத்தியாயங்களை எடுத்துவிட்டாள். செலக்டில் இருந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பவும் பணம் வரும். துப்பறியும் நாவலைத் தொடங்கினால் முடிக்காமல் வைக்க மாட்டார்கள் என்பதால் இந்த வகைக்கு அது நல்ல ஏற்பாடு. கவிதைத் தொகுப்புக்கு அப்படியில்லை, நாலு பக்கம் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வரி ஒன்று இருக்கிறது. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்க விற்பனையின் பங்கில் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். பணம் வருவதும் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து. உறை மாதிரி அன்றைக்கே கையில் வராது.

அச்சுப் பிரதியும் அமேசானே அடித்து அனுப்பிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆங்கிலத்துக்கு அப்படி வசதி இருக்கிறது. தமிழுக்கு மின்னூல் மட்டும்தான். அதனால் அச்சு வேண்டுமென்று வாசகர்கள் கேட்டபோது சென்னையைப் பார்த்தோம்.

சென்னை என்றால் எங்கள் ஊர் எழுத்தாளர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. மலிவு, அட்டை அழகாக இருக்கும், ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் நம் புத்தகமும் இருக்கும். 1977 முதல் நடக்கும் அந்தக் காட்சியில் தன் புத்தகத்தைத் தானே பார்க்க விமானம் ஏறிப் போனவர்கள் எனக்குத் தெரியும். மயக்கத்தைக் கொஞ்சம் எடையில் வைத்துப் பார்ப்போம். ஏ5 அளவு, 160 பக்கம், 80 கிராம் தாள், அட்டையோடு ஒரு பிரதி ஏறக்குறைய 215 கிராம் வரும். நூறு பிரதி 22 கிலோ. அச்சில் மிச்சப்படும் காசில் பெரும்பகுதியை விமான அஞ்சல் தின்றுவிடும். அக்காவின் நூலுக்கு எங்களுக்குக் கிடைத்த விலையில் அச்சு ஐந்தரை வெள்ளி, அனுப்பும் செலவு நாலு வெள்ளி. உள்ளூர் டிஜிட்டலோடு ஒப்பிட்டால் மிச்சம் மூன்றரை வெள்ளி, உள்ளூர் ஆப்செட்டோடு ஒப்பிட்டால் நட்டம். தீபாவளிக்குப் போய் வரும் உறவினர் பெட்டியில் பத்துப் பத்தாகக் கொண்டுவரலாம் என்பார்கள். அந்த உறவினர் முறுக்குக்கும் புடவைக்கும் இடம் போக மிச்சத்தில்தான் நம் இலக்கியத்தை வைப்பார்.

ஆனால் வாசகர் அங்கேயே இருந்தால் இந்தக் கணக்கே தலைகீழ். அண்ணன் மகளின் புத்தகம் சென்னையில் தேவைக்கேற்ப அச்சாகி, அங்கிருந்தே ஈரோட்டுக்கு உள்நாட்டு அஞ்சலில் போகிறது. கோலாலம்பூருக்கு வருவதே இல்லை. அவளுக்கென்று 15 பிரதி மட்டும் வந்தது. அம்மாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. புத்தகக் காட்சியில் வைக்க மட்டும் அங்கே கடை போடும் பதிப்பாளர் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டு, இத்தனை பிரதியை நீயே வாங்கு என்று சொல்பவரிடம் போனால், அது பதிப்பு இல்லை, அச்சுக்கூலி. அப்படியென்றால் அச்சுக்கூலி விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

ரவாங் ஆசிரியரின் சிறுவர் கதைக்குக் கிண்டில் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். குழந்தைகள் திரையில் படிக்க மாட்டார்கள் என்பதற்காக இல்லை, நன்றாகவே படிப்பார்கள். கோப்பின் கனம்தான் காரணம். எழுபது விழுக்காட்டுப் பங்கில் கோப்பை அனுப்பும் செலவை அமேசான் கழித்துக்கொள்ளும், அமெரிக்கத் தளத்தில் ஒரு எம்.பி.க்கு (மெகாபைட்) 15 சென்ட். வண்ணப் படங்களோடு 20 எம்.பி. வந்தால் அதுவே 3 டாலர். 2.99 டாலர் புத்தகத்தில் 3 டாலர் கழித்தால் என்ன மிஞ்சும் என்பதை அவருடைய மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அவருடைய வாசகர்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள். நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு இரண்டு பிரதி வாங்கினாலே ஆயிரம் போய்விடும். வாங்குவார்களா என்பது தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் பொறுத்தது, ஆண்டுத் தொடக்கத்தில் கேட்பதும் ஆண்டுக் கடைசியில் கேட்பதும் ஒன்றல்ல. 32 பக்கம், இரண்டு பாரம், நான்கு வண்ணம், 16 தகடு. நடுவில் பின் அடித்தால் போதும், ஒட்டுக் கட்டு தேவையில்லை. வண்ணத்துக்கு டிஜிட்டல் விலை கூடுதல் என்பதால் ஆயிரம் அடிக்கும் துணிவு இருந்தால் ஆப்செட், இல்லையென்றால் முதலில் 50 டிஜிட்டல் அடித்துப் பத்துப் பள்ளிக்குக் காட்டிவிட்டு முடிவு செய்யலாம். அவர் ஐம்பதோடு நின்றிருக்கிறார். கணக்கு வாத்தியார், அவசரப்படவில்லை.

கவிஞருக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நூறு, டிஜிட்டல், இங்கேயே. இன்ஸ்டாகிராமில் அவர் கவிதையைப் படிக்கிறவர்கள் டச் அண்ட் கோ என்ற போன் செயலியில் பணம் அனுப்பி, தபாலில் வாங்கிக்கொள்வார்கள். தீர்ந்தால் இன்னொரு நூறு. ஒன்றை மட்டும் சொன்னேன்: 64 பக்கத்துக்கு முதுகு சில மில்லிமீட்டர்தான் வரும், அதில் தலைப்பைப் போடாதீர்கள், வெட்டும்போது அட்டைக்கு வந்துவிடும். அவர் முதுகில் தலைப்பு இல்லாத புத்தகம் புத்தகமா என்று கேட்டார். இரண்டு கவிதை கூட்டலாமா என்றும் கேட்டார். கவிதை கூட்டினாலும் முதுகு கூடாது தம்பி என்றேன்.

அக்காவின் கோப்பு இந்த வாரம் அச்சகத்துக்குப் போகிறது. நேற்றிரவு போன் செய்தார். அட்டைக்குத் தங்கள் லயத்தின் பழைய படம் ஒன்று கிடைத்திருக்கிறதாம், கருப்பு வெள்ளை, ஓரத்தில் மடிப்பு. அதில் வலது பக்கம் பால் வாளியோடு நிற்பது அவர் அப்பா. தலைப்பை எங்கே போட்டாலும் அப்பாவின் முகத்தில் விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டார். படத்தை வாட்சாப்பில் அனுப்பாதீர்கள், தெளிவு போய்விடும், கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள் என்றேன். தலைப்பைக் கீழே, வாளிக்குப் பக்கத்தில் இறக்கிவிடலாம்.